மலையில் விடுதி, எஸ்டேட் வேலைக்குப் புதிதா? ஆங்கிலச் சொல்லில் 'எஸ்' எங்கே வரும், எங்கே வராது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் காட்டேஜ், ஹோம்ஸ்டே, எஸ்டேட் ஆபீஸ், ஸ்பைசஸ் கடை என்று வேலைக்குச் சேருபவர்களுக்கு ஆங்கிலம் பேசுவது பெரிய தடங்கலாக இருப்பதில்லை. சீசன் கூட்டம் இரண்டு வாரத்தில் வாயைப் பழக்கிவிடும். அடி விழுவது எழுத்தில். அதிலும் சொல்லின் கடைசியில் நிற்கிற ஒற்றை 'எஸ்' எழுத்தில். 'எஸ்' என்றால் பன்மை, நம்ம 'கள்' மாதிரி என்று பள்ளியில் படித்ததைப் பிடித்துக்கொண்டு எழுதினால் பாதி இடத்தில் சரியாகும். மீதிப் பாதியில் பொருளே வேறாகிவிடும். சில சொல்லுக்கு 'எஸ்' இல்லாமல் உயிரே இல்லை. சிலவற்றுக்கு 'எஸ்' ஒட்டவே ஒட்டாது. சிலவற்றில் 'எஸ்' இருக்கும், ஆனால் ஒருமை.

இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். கையில் புழங்கும் காகிதத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

1. முதலில் ஆறு காகிதம் எடுத்து வையுங்கள்

புக்கிங் உறுதி மெயில், செக்-இன் படிவம், அறையில் ஒட்டியிருக்கும் விதிமுறைப் போர்டு, பில், விருந்தினர் மறந்துவிட்டுப் போன பொருளை எழுதும் ரிஜிஸ்டர், வாடகை அல்லது குத்தகை ஒப்பந்தம். எஸ்டேட் ஆபீஸ் என்றால் சம்பள ஸ்லிப்பும் கொழுந்து எடைச் சீட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றுப் பிரதி ஜெராக்ஸ் போடுங்கள். விருந்தினரின் பெயர், ஆதார் எண் நிரப்பிய படிவத்தைத் தொடாதீர்கள். அது உங்கள் பாடப்புத்தகம் அல்ல.

செலவு ஒரு 80 பக்க நோட்டு, ஒரு சிவப்புப் பேனா, ஜெராக்ஸ் காசு, அவ்வளவுதான். நேரம் நாளைக்கு அரை மணி வீதம் மூன்று வாரம். ஏப்ரல், மே சீசனில் உட்கார நேரம் கிடைக்காது என்பதால் மார்ச் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். மே மாதம் சேர்ந்தவர்கள் ஜூன் மழை வரை பொறுத்திருப்பது நல்லது.

காகிதத்தில் 'எஸ்'ஸில் முடியும் சொல்லையெல்லாம் சிவப்பில் வட்டமிடுங்கள். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: சொல், 'எஸ்'ஸை எடுத்தால் என்ன பொருள், பின்னால் வருவது 'இஸ்'ஸா 'ஆர்'ரா. நாளைக்கு ஆறு சொல் போதும். இரண்டாவது கட்டம்தான் முக்கியம். அதை நிரப்பாமல் விட்டவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

2. தமிழ்க் கணக்கை இறக்கி வையுங்கள்

தமிழில் அஃறிணைக்கு எண் வந்துவிட்டால் 'கள்' கட்டாயமில்லை. பத்து ரூபாய், ஐந்து ரூம், மூன்று போர்வை. எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்து 'ஃபைவ் ரூம்', 'த்ரீ பிளாங்கெட்' என்று இறங்குகிறது. ஆங்கிலத்தில் எண் வந்தாலும் 'எஸ்' வேண்டும்: ஃபைவ் ரூம்ஸ், த்ரீ பிளாங்கெட்ஸ். ஒன்றுக்கு மேல் கொஞ்சம் கூடினாலும் பன்மைதான். ஒன்றரை மணி நேரம் 'ஒன் அண்ட் எ ஹாஃப் ஹவர்ஸ்'. ஒன்றும் இல்லையென்றாலும் பெரும்பாலும் பன்மை: 'நோ ரூம்ஸ்'.

'ஒன் ஆஃப்' என்று தொடங்கினால் அடுத்து வருவது பன்மைதான். 'ஒன் ஆஃப் த ரூம்' தவறு, 'ஒன் ஆஃப் த ரூம்ஸ்' சரி. பல ரூமில் ஒன்று என்பதுதானே கணக்கு.

இதை ஒழுங்காகப் பிடித்தவர்கள் அடுத்த குழியில் விழுவார்கள். எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் 'எஸ்' போய்விடும். மூன்று நாள் பேக்கேஜ் என்பது 'த்ரீ-டே பேக்கேஜ்'. 'த்ரீ-டேஸ்' இல்லை. அதேபோல் 'டூ-பெட்ரூம் காட்டேஜ்', 'டென்-ருப்பீ நோட்', 'இலெவன்-மந்த் அக்ரிமென்ட்'. எண் இல்லாவிட்டாலும் இதே விதிதான். ஊட்டியில் இருப்பது ரோஸ் கார்டன். ஆயிரக்கணக்கில் ரோஜா இருந்தாலும் ரோசஸ் கார்டன் ஆகாது. டீ கார்டன், ஃபிளவர் ஷோ, ஷூ ரேக், வெஜிடபிள் மார்க்கெட் எல்லாம் இந்த வகை. விலக்கு உண்டு. சேவிங்ஸ் அக்கவுன்ட், கூட்ஸ் டிரெயின், கஸ்டம்ஸ் ஆபீசர் ஆகியவற்றில் முதல் சொல் 'எஸ்'ஸை விடாது. ஏன் என்பது நாலாவது படியில் தெரியும்.

அளவுக் குறிக்கு 'எஸ்' கிடையாது. கிலோமீட்டரைச் சுருக்கி எழுதும் கே எம், கிலோகிராமின் கே ஜி இரண்டும் நூறு ஆனாலும் அப்படியேதான். மலை ரோட்டில் 'எஸ்' சேர்த்த கைகாட்டிகள் நிறையப் பார்ப்பீர்கள். உங்கள் போர்டில் வேண்டாம். முழுச் சொல்லாக எழுதினால் மட்டும் கிலோமீட்டர்ஸ்.

செக்-இன் படிவத்தில் அடிக்கடி பார்ப்பது 'சில்ட்ரன்ஸ் பிலோ ஃபைவ் இயர்ஸ் ஃப்ரீ'. சைல்டின் பன்மையே சில்ட்ரன். அதன் மேல் இன்னொரு 'எஸ்' போட்டால் மாடிக்கு மேல் மாடி. 'சில்ட்ரன்ஸ் பார்க்' சரி, ஆனால் அங்கே இருப்பது உடைமை 'எஸ்', முன்னால் அப்பாஸ்ட்ரஃபி நிற்கும். அந்தத் தொங்கும் காற்புள்ளியைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

எழுத்துக்கூட்டல் விஷயம் மூன்று வரியில் முடியும். காய்கறி மண்டிச் சீட்டில் பொட்டேட்டோ, டொமேட்டோ இரண்டும் 'இ எஸ்' வாங்கும். கிலோ, ஃபோட்டோ வெறும் 'எஸ்' வாங்கும். நைஃப், லோஃப், ஷெல்ஃப், லீஃப் நான்கிலும் எஃப் போய் வி வரும். ரூஃப், செஃப் இரண்டிலும் எஃப் அப்படியே நிற்கும். பஸ், பாஸ் போல ஏற்கெனவே 'எஸ்'ஸில் முடிவது 'இ எஸ்' வாங்கும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததிலிருந்து விருந்தினர்கள் முதலில் கேட்பதே அதைப் பற்றித்தான். இரண்டு வண்டி என்றால் 'டூ இ-பாஸஸ்'.

கொழுந்து மட்டும் தனிக்கதை. பறிக்கும் முறையைச் சொல்லும்போது 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்', இரண்டு இலையும் ஒரு மொட்டும். அதே கொழுந்து மூட்டையாகி எடைக்கு வந்ததும் 'கிரீன் லீஃப்' ஆகிவிடும். 400 கிலோ ஆனாலும் எடைச் சீட்டில் கிரீன் லீஃப்தான். அங்கே எண்ணுவது கிலோவை, இலையை அல்ல.

3. ஜோடிச் சாமான்: மறந்துவிட்டுப் போன பொருள் ரிஜிஸ்டர்

அறை காலியானதும் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் கொண்டுவந்து கொடுப்பதை எழுதுவீர்கள். 'ஒன் கிளாஸ்' என்று எழுதினால் அது தண்ணீர் குடிக்கும் கண்ணாடித் தம்ளர். 'ஒன் ஸ்பெக்டகிள்' என்று எழுதினால் ஏதோ ஒரு கூத்து, வேடிக்கைக் காட்சி. விருந்தினர் விட்டுப்போனது மூக்குக் கண்ணாடி. 'எ பேர் ஆஃப் கிளாசஸ்' அல்லது 'எ பேர் ஆஃப் ஸ்பெக்டகிள்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். அவர் ஊருக்குப் போய் போன் செய்து கேட்கும்போது ரிஜிஸ்டரில் தம்ளர் இருந்தால் கண்ணாடி கிடைக்காது.

இதில் ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டு பாதியும் ஒட்டியே இருந்தால் எப்போதும் 'எஸ்'. ட்ரவுசர்ஸ், ஜீன்ஸ், பைஜாமாஸ், ஷார்ட்ஸ், சிசர்ஸ், பைனாகுலர்ஸ், பிளையர்ஸ், அடுப்படி இடுக்கியான டாங்ஸ், தோட்டத்துக் கத்தரியான ஷியர்ஸ். ஒன்றே ஒன்று மேசையில் கிடந்தாலும் 'த சிசர்ஸ் ஆர் ஆன் த டேபிள்'. எண்ண வேண்டுமென்றால் 'பேர் ஆஃப்' போட்டு எண்ணுங்கள். வினை அப்போது 'பேர்' என்பதைப் பின்பற்றும்: 'எ பேர் ஆஃப் சிசர்ஸ் இஸ் மிஸ்ஸிங்'.

இரண்டு பாதியும் பிரியும் என்றால் ஒருமை உண்டு. கிளவ், சாக், ஷூ, ஸ்லிப்பர். ஒரு காலுக்குரியது மட்டும் கட்டிலுக்கடியில் கிடந்தால் 'ஒன் சாக்' என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். தமிழில் நாம் 'ஒரு சாக்ஸ்', 'ஒரு ஷூஸ்' என்கிறோம். அது தமிழில் சரி, ரிஜிஸ்டரில் சரியல்ல.

குளிர் ஊரில் வேலை செய்வதால் இன்னொன்று: கம்பளி உடைகளை மொத்தமாகச் சொல்ல 'வுல்லன்ஸ்'. 'பிளீஸ் கேரி வுல்லன்ஸ்' என்று மெயிலில் ஒரு வரி சேர்த்தால் டிசம்பரில் வருபவர்கள் போர்வை கேட்டு ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டமாட்டார்கள். 'வுல்லன்' என்று மட்டும் எழுதினால் அது பெயரடை, என்ன சாமான் என்று தெரியாது.

4. 'எஸ்' சேர்ந்தால் பொருள் மாறும் சொற்கள்

நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். இந்தச் சொற்களில் 'எஸ்' பன்மைக் குறி அல்ல. சொல்லின் உடம்பிலேயே ஒரு உறுப்பு.

பிரெமிசஸ்: கட்டடமும் அதைச் சுற்றிய இடமும். 'எஸ்'ஸை எடுத்து 'பிரெமிஸ்' என்றால் ஒரு வாதத்தின் அடிப்படை அனுமானம். 'நோ ஸ்மோக்கிங் இன் த பிரெமிஸ்' என்ற போர்டு வாதத்துக்குள் புகைபிடிக்காதே என்கிறது. சரியானது 'ஆன் த பிரெமிசஸ்'. முன்னால் 'ஆன்' வரும், வினை 'ஆர்' வரும். குத்தகை ஒப்பந்தத்தில் 'டிமைஸ்ட் பிரெமிசஸ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். 'டிமைஸ்' என்றால் இறப்பு என்றும் பொருளுண்டு, ஆனால் இங்கே யாரும் இறந்துபோகவில்லை, குத்தகைக்கு விடப்பட்ட இடம் என்று அர்த்தம்.

டேமேஜஸ்: கீசர் உடைந்தால், மெத்தையில் மை கொட்டினால் அது 'டேமேஜ்'. எத்தனை சாமான் கெட்டாலும் டேமேஜ்தான். 'டேமேஜஸ்' என்பது கோர்ட் வாங்கிக்கொடுக்கும் நஷ்ட ஈட்டுத் தொகை. பில்லில் 'டேமேஜஸ் ரூபாய் 1,500' என்று போட்டால் வக்கீல் விருந்தினர் ஒருவர் சிரிப்பார்; கோபக்கார வக்கீல் என்றால் சிரிக்கமாட்டார். 'டேமேஜ் சார்ஜஸ்' என்று போடுங்கள். தட்டு, கப் உடைந்ததற்கு 'பிரேக்கேஜஸ்' என்று தனிச் சொல்லே இருக்கிறது, அதற்கு 'எஸ்' சரி.

கன்டென்ட்ஸ்: பெட்டிக்குள், அலமாரிக்குள் இருப்பவை. 'கன்டென்ட்' என்பது சொல்ல வந்த விஷயம், யூடியூப்காரர் செய்வது. மனநிறைவு என்றும் பொருளுண்டு. மினி-பார் பட்டியலின் தலைப்பு கன்டென்ட்ஸ்.

கிரவுண்ட்ஸ்: 'கிரவுண்ட்' தரை, விளையாட்டு மைதானம். 'கிரவுண்ட்ஸ்' என்றால் கட்டடத்தைச் சுற்றிய புல்வெளியும் தோட்டமும். ஒரு முடிவுக்கான காரணம் என்றும் பொருள்: 'ஆன் மெடிக்கல் கிரவுண்ட்ஸ்' புக்கிங் ரத்து செய்கிறேன் என்று மெயில் வரும், அவர் தோட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்து ஹோம்ஸ்டேயில் மூன்றாவது பொருளும் தேவைப்படும்: 'காபி கிரவுண்ட்ஸ்', டிகாக்ஷன் இறங்கியபின் ஃபில்டரில் மிஞ்சும் சக்கை. 'கிரவுண்ட் காபி' அரைத்த காபித்தூள். இரண்டையும் மாற்றி எழுதினால் விற்க வேண்டியதைச் செடிக்கு எருவாகப் போடச் சொன்னதாகிவிடும்.

கஸ்டம்ஸ்: 'கஸ்டம்' வழக்கம், மரபு. 'கஸ்டம்ஸ்' சுங்கத் துறை, சுங்க வரி. ஆனால் கஸ்டமுக்குச் சாதாரணப் பன்மையும் அதே கஸ்டம்ஸ்தான். 'தோடா கஸ்டம்ஸ்' என்றால் தோடர் வழக்கங்கள். பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

குவாட்டர்ஸ்: இதைத் தமிழ்க்காரர்கள் ஏற்கெனவே சரியாகச் சொல்கிறார்கள். எஸ்டேட் குவாட்டர்ஸில் இருக்கிறேன் என்றால் ஒரே வீடானாலும் 'எஸ்' உண்டு. 'குவாட்டர்' கால் பங்கு. மூன்று மாதக் கணக்கும் குவாட்டர். மற்ற குவாட்டரை எல்லோரும் அறிவார்கள். விண்ணப்பத்தில் 'ஐ ரிக்வெஸ்ட் எ குவாட்டர்' என்று எழுதி மேனேஜரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

க்ளோத், க்ளோத்ஸ், க்ளோத்ஸ்: இதில் மூன்று சொல். முதலாவது துணி. இரண்டாவது துடைக்கும் துணிகள், 'எச்'சுக்குப் பின் நேராக 'எஸ்'. மூன்றாவது உடுத்தும் உடைகள், 'எச்'சுக்குப் பின் 'இ', அதற்குப் பின் 'எஸ்'. உச்சரிப்பு ஏறக்குறைய க்ளோஸ். லாண்டரிச் சீட்டில் அந்த ஒரு 'இ' விட்டுப்போனால் விருந்தினரின் சட்டை அடுப்படித் துணியோடு போகும்.

கூட்ஸ்: சரக்கு. 'ஒன் கூட்' என்று கிடையாது. ஒன்று வேண்டுமென்றால் 'ஆன் ஐட்டம்'. ரிகார்ட்ஸ்: வணக்கம், அன்பு, 'ரிகார்ட்' மதிப்பு. 'தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்' என்று முடிக்கும் இடத்தில் 'ரிகார்ட்' என்று விட்டால் வரி நொண்டும். மினிட்ஸ்: நிமிடங்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் அதுவே. டெர்ம்ஸ்: நிபந்தனைகள்; 'டெர்ம்' என்றால் தவணைக் காலம், பள்ளிப் பருவம். பர்டிகுலர்ஸ்: பில்லின் விவரக் கட்டத் தலைப்பு. 'எஸ்' இல்லாத 'பர்டிகுலர்' குறிப்பிட்ட என்ற பெயரடை. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டியது அவர்களுடைய பாஸ்போர்ட், விசா பர்டிகுலர்ஸ்.

விளம்பரத்தில் அடிக்கடி வருவது 'அவுட்ஸ்கர்ட்ஸ்', 'சரவுண்டிங்ஸ்'. இரண்டுக்கும் ஒருமை இல்லை. 'ஆன் த அவுட்ஸ்கர்ட்ஸ் ஆஃப் கொடைக்கானல்', ஊரின் புறத்தே. உடைமைகளுக்கு 'பிலாங்கிங்ஸ்', விலையுயர்ந்தவைக்கு 'வேல்யுவபிள்ஸ்'. சோப்பு, ஷாம்பு வகைக்கு 'டாய்லெட்ரீஸ்'. இதில் கடைசி 'ரீஸ்'ஸை விட்டு டாய்லெட் என்று சுருக்கிவிடாதீர்கள்.

5. பணக் காகிதம்

காசு சம்பந்தப்பட்ட சொற்களில் பெரும்பாலானவை 'எஸ்'ஸோடுதான் வாழும். ஏர்னிங்ஸ், சேவிங்ஸ், ஃபண்ட்ஸ், எக்ஸ்பென்சஸ். விற்று வந்த தொகை 'சேல் ப்ரொசீட்ஸ்', குன்னூர் தேயிலை ஏலக் கணக்கில் இந்தச் சொல்லைப் பார்ப்பீர்கள். 'எஸ்'ஸை எடுத்து 'ப்ரொசீட்' என்றால் மேலே போ என்று வினையாகிவிடும்.

வேஜஸ்: கையில் வாங்கும் கூலி எப்போதும் பன்மை, 'வேஜஸ் ஆர் பெய்ட் மந்த்லி'. மினிமம் வேஜ், டெய்லி வேஜ், வேஜ் ஸ்லிப் என்று விகிதத்தையோ சீட்டையோ சொல்லும்போது 'எஸ்' தேவையில்லை.

அரியர்ஸ்: 'ஒரு அரியர் இருக்கு' என்பது கல்லூரித் தமிழ். அலுவலகக் கடிதத்தில் நிலுவை என்றால் அரியர்ஸ், 'எஸ்'ஸோடு. 'ரென்ட் இன் அரியர்ஸ்' என்றால் வாடகை பாக்கி. ஆனால் 'பெய்ட் இன் அரியர்ஸ்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மாதம் முடிந்தபின் கொடுப்பது என்று மட்டுமே பொருள், பாக்கிக் குற்றச்சாட்டு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

டியூஸ்: தவணை கட்ட வேண்டியதை 'டியூ' என்கிறோம். வேலையை விட்டுப் போகும்போது கேட்டு வாங்க வேண்டியது 'நோ டியூஸ் சர்டிஃபிகேட்'.

ஒப்பந்தத்தில் ஒரே வரியில் இப்படி வரும்: 'ஃபர்னிச்சர், ஃபிக்ஸ்சர்ஸ் அண்ட் ஃபிட்டிங்ஸ்'. முதலாவதில் 'எஸ்' இல்லை, அடுத்த இரண்டிலும் உண்டு. டைப் செய்பவர் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று அழகுபடுத்தியிருப்பார். முத்திரைத்தாளில் ஏறுமுன் வெள்ளைத்தாள் வரைவில் திருத்துங்கள். ஏறிய பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரு தரப்புக் கையெழுத்தும் தேவைப்படும், அல்லது தாளே வீண். அதே ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலத்தையும் பாருங்கள்: 'ஒன் மந்த்ஸ் நோட்டீஸ்' என்றால் அப்பாஸ்ட்ரஃபி 'எஸ்'ஸுக்கு முன், 'டூ மந்த்ஸ் நோட்டீஸ்' என்றால் 'எஸ்'ஸுக்குப் பின். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

6. 'எஸ்' ஒட்டாத சொற்கள்

லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், ஜுவல்லரி, கட்லரி, கிராக்கரி, பெட்டிங், ஃபயர்வுட். இவற்றில் எதற்கும் 'எஸ்' போடாதீர்கள். கேம்ப்ஃபயருக்கு விறகு கணக்கு எழுதினால் 'ஃபோர் பண்டில்ஸ் ஆஃப் ஃபயர்வுட்'. பெட்டி எண்ணிக்கைக்கு 'சிக்ஸ் பீசஸ் ஆஃப் லக்கேஜ்' அல்லது நேராக 'சிக்ஸ் பேக்ஸ்'. 'பியூட்டிஃபுல் சீனரீஸ்' என்று மலையில் பாதி விளம்பரங்கள் சொல்கின்றன. சீனரி என்றைக்கும் ஒன்றுதான். நிறைய வேண்டுமென்றால் 'வியூஸ்'. ஸ்டாஃப் என்பது ஆட்கள் கூட்டம், ஒருவர் என்றால் 'ஸ்டாஃப் மெம்பர்', பத்துப் பேர் என்றால் 'டென் ஸ்டாஃப்'. 'ஸ்டாஃப்ஸ்' வேண்டாம்.

கொடைக்கானல் மலைப்பூண்டு விற்கும் கடைக்காரருக்குத் தனியாக ஒன்று. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். 'கார்லிக்ஸ்' என்று போர்டு எழுதாதீர்கள். எத்தனை மூட்டை ஆனாலும் கார்லிக். முழுப் பூண்டு ஒன்று 'பல்ப்' அல்லது 'ஹெட்'. ஒரு பல் 'எ க்ளோவ் ஆஃப் கார்லிக்'. இங்கேதான் வம்பு: கிராம்பும் க்ளோவ்தான், கடையில் அடுத்த ஜாடியிலேயே இருக்கும். 'க்ளோவ்ஸ்' என்று மட்டும் எழுதினால் கிராம்பு. பூண்டுப் பல்லைச் சொல்ல வேண்டுமென்றால் 'ஆஃப் கார்லிக்' கட்டாயம். போனில் ஆர்டர் எடுக்கும்போது திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், விலை வித்தியாசம் அப்படி.

7. 'எஸ்' இருந்தும் ஒருமை

நியூஸ் இஸ், மீசில்ஸ் இஸ், பில்லியர்ட்ஸ் இஸ். இவற்றுக்கு 'ஆர்' போடக் கூடாது. பேரக்ஸ், ஹெட்குவாட்டர்ஸ், சீரிஸ், மீன்ஸ் நான்கும் ஒன்றானாலும் பலவானாலும் ஒரே வடிவம். வெலிங்டனில் ராணுவக் கட்டடம் ஒன்றைக் காட்டி 'எ பேரக்ஸ்' என்று சொல்லலாம்.

அருவிக்கு 'ஃபால்ஸ்' பொதுவாகப் பன்மை, 'த ஃபால்ஸ் ஆர்'. தனி அருவியின் பெயராக நின்றால் ஒருமையாக எழுதுவது வழக்கம்: 'கேத்தரின் ஃபால்ஸ் இஸ் நியர் கோத்தகிரி'. எந்தப் பெயரானாலும் 'ஃபால்' என்று குறைக்காதீர்கள். அது கீழே விழுவது, ஈரப் பாறையில் அந்த அர்த்தத்தையும் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

8. ஊர்ப்பெயரும் முகவரியும்

மாவட்டத்தின் ஆங்கிலப் பெயர் 'த நீல்கிரிஸ்', முன்னால் 'த', பின்னால் 'எஸ்'. மலை ரயில் 'நீல்கிரி மவுன்டன் ரயில்வே', 'எஸ்' இல்லை. இரண்டாம் படியில் பார்த்த அடைமொழி விதியேதான். ஊட்டி 643001 என்று முகவரி எழுதும்போது அடுத்த வரியில் 'த நீல்கிரிஸ்' என்று முழுசாக எழுதுங்கள். பழனி மலை 'பழனி ஹில்ஸ்'.

பேச்சில் 'எஸ்' கேட்டாலும் பன்மை இல்லாதவை உண்டு. கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக், கோக்கர் என்பவர் பெயரிலுள்ள நடைபாதை. குன்னூரின் சிம்ஸ் பார்க், லாம்ப்ஸ் ராக். இரண்டு மலையிலும் இருக்கும் டால்ஃபின்ஸ் நோஸ். இந்த 'எஸ்' உடைமை, அப்பாஸ்ட்ரஃபியோடு எழுத வேண்டும். பில்லர் ராக்ஸ் மட்டும் உண்மைப் பன்மை. மூன்று பாறைத் தூண்கள் நிற்கின்றன, அப்பாஸ்ட்ரஃபி வேண்டாம். சுற்றுலா அட்டை அடிக்கும்போது இந்தப் பெயர்களைத் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

9. அச்சுக்குக் கொடுக்குமுன்

போர்டு, அறை அட்டை, பில் புத்தகம் மூன்றும் ஒரே நேரத்தில் அடித்தால் ஒரே சொல் ஒரே மாதிரி வரும். ஏப்ரல் பிறந்தால் அச்சகத்திலும் கூட்டம், ஆகவே மார்ச் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள். ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. ஒரு எழுத்துக்காக மறுபடி அடித்தாலும் முழுப் போர்டுக்குத்தான் காசு.

புரூஃப் வாங்கி, கணினித் திரையில் இல்லாமல் தாளில் படியுங்கள். முதல் தடவை 'எஸ்'ஸை மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை அப்பாஸ்ட்ரஃபியை மட்டும். வடிவமைப்பவர்களுக்குப் பன்மைக்கெல்லாம் அப்பாஸ்ட்ரஃபி போடும் கை உண்டு; 'ரூம்ஸ் அவைலபிள்', 'தோசாஸ்' இரண்டிலும் அது வரக் கூடாது. 'டூஸ் அண்ட் டோன்ட்ஸ்' தலைப்பில் அப்பாஸ்ட்ரஃபி ஒன்றே ஒன்று, 'டோன்ட்'டுக்குள்ளே, 'என்'னுக்கும் 'டி'க்கும் நடுவில். மூன்றாம் தடவை 'இஸ்', 'ஆர்'. வேறொருவரிடமும் ஒருமுறை கொடுங்கள். தான் எழுதியதைத் தானே படித்தால் கண் தாண்டிப் போகும்.

ஓகே என்று கையெழுத்துப் போட்ட பிறகு தெரியும் பிழைக்குச் செலவு உங்களுடையது, அதனால் தேதியோடு கையெழுத்துப் போட்ட புரூஃபை ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய போர்டு மாட்டியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விதிமுறைப் படத்தையும், புக்கிங் தளங்களில் ஏற்றிய படத்தையும் அன்றே மாற்றுங்கள். சுவரில் திருத்தினாலும் பழைய படம் அடுத்த சீசன் வரை போனில் சுற்றிக்கொண்டிருக்கும்.